இயல் 6: கேட்கும் பழக்கத்தை வளர்ப்பது – வானொலியும் இணையமும்

பினாங்கில் கர்நாடக இசைக்கு ஆள் இல்லை என்று சொல்பவர்கள், தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் நேரத்தில் வந்து நின்று பார்க்க வேண்டும். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து போகின்றன. தண்ணீர்மலை வரை வழியெல்லாம் கூட்டம். தேங்காய் உடைக்கக் காத்திருப்பவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பவர்கள், வேடிக்கை பார்க்க வந்த சீன அண்டை வீட்டார் என எல்லார் காதிலும் அந்த நாதம் விழுகிறது. ஆனால் வாசித்த ராகம் எது, வாசித்தவர் யார், இன்னொரு முறை கேட்க எங்கே போவது என்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. மறுநாள் அந்தச் செவிகள் மீண்டும் லிட்டில் இந்தியாக் கடைவாசல் ஒலிபெருக்கிக்குத் திரும்பிவிடுகின்றன.

ஆக, செவிகள் இருக்கின்றன. பழக்கம்தான் இல்லை. அதை வானொலியையும் இணையத்தையும் வைத்து எப்படி உண்டாக்குவது என்பதே இந்த இயல். கோயில் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள், இசைப்பள்ளி நடத்துபவர்கள், வீட்டுக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வர்ணம் சொல்லித் தரும் ஆசிரியைகள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். இரண்டரை மணி நேரக் கச்சேரியை முழுதாகப் படம் பிடித்து யூடியூபில் போட்டால் கேட்பவர் சேரமாட்டார்கள். ஏற்கெனவே கேட்பவர்கள்தான் அதைத் திறப்பார்கள். புதியவர் வர வேண்டுமானால் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே குரல், சிறிய அளவு, கனிவான அறிமுகம் ஆகியவை வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்த ஊருக்கு இது புதிதல்ல

மலாயாவில் ஒலிபரப்பு வேரூன்றிய தொடக்க ஊர்களில் ஒன்று நம் பினாங்கு. 1934-இல் பினாங்கு வயர்லெஸ் சொசைட்டி என்ற ஆர்வலர் சங்கம் இசட்.எச்.ஜே. என்ற அடையாளக் குறியோடு ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் அந்த நிலையம் பேசியது. ஒரு சங்கம் நடத்திய நிலையம் அது. அரசின் ஒலிபரப்புத் துறை 1946 ஏப்ரல் 1-இல்தான் வந்தது. அதன் தமிழ்ப் பிரிவின் தொடர்ச்சியே பின்னாளில் ‘வானொலி 6’ ஆகி, 2005-இல் மின்னல் எஃப்.எம். என்று பெயர் மாறியது.

இதை நான் பழம்பெருமைக்காக நினைவூட்டவில்லை. கருவிகள் அரிதாகவும் விலை அதிகமாகவும் இருந்த அந்தக் காலத்தில், சொந்த ஆர்வத்தில் சேர்ந்த சிலர் இதே தீவிலிருந்து தமிழை வான் அலையில் ஏற்றினார்கள். இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவியும் ஒலிபரப்பு நிலையமும் சேர்ந்தே கிடக்கின்றன. சங்கம் வேண்டும், பணம் வேண்டும், அரங்கம் வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

கட்டிப்போட்டால் ஓடிவிடுவார்கள்

ஒரு தவறான வழியை முதலிலேயே காட்டிவிடுகிறேன். நல்லெண்ணம் உள்ளவர்கள்தான் அதில் அதிகம் விழுகிறார்கள். 1952-இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார் பி.வி. கேஸ்கர். சாஸ்திரிய இசை மீது உண்மையான பற்று உள்ளவர். திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பி, ஆல் இந்தியா ரேடியோவில் அதற்கு இடமில்லாமல் செய்தார். மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனுக்கு, அதாவது இலங்கை வானொலிக்குப் போனார்கள். அமீன் சயானி தொகுத்த பினாக்கா கீத்மாலா அங்கே 1952-இல் தொடங்கிப் பெரும் புகழ் பெற்றது. தமிழ் நேயர்களுக்கும் இலங்கை வானொலி நெருங்கிய உறவாகியது. கடைசியில் 1957 அக்டோபர் 3-இல் விவித் பாரதியைத் தொடங்கித் திரைப்பாடலுக்கு வாசலைத் திறக்க வேண்டியதாயிற்று.

அதே ஆல் இந்தியா ரேடியோ செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். சென்னை நிலையம் 1938 ஜூன் 16-இல் தொடங்கிய நாளிலிருந்து கச்சேரிக்கு என்று நேரம் வைத்தது. 1952-இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி சனிக்கிழமை இரவு வரும் என்பது கேட்பவர்களுக்குத் தெரியும். 1954 முதல் ஆண்டுதோறும் சங்கீத சம்மேளனம் நடந்தது. கச்சேரி வாசனையே இல்லாத சிற்றூர்களில் மதுரை மணி ஐயரையும் ஜி.என். பாலசுப்பிரமணியத்தையும் குரலைக் கொண்டே அடையாளம் காணும் ரசிகர்களை உருவாக்கியது அந்த நேர ஒழுங்குதான். தடை எதையும் சாதிக்கவில்லை. நேரம் தவறாமை ஒரு தலைமுறையையே உருவாக்கியது. 2016 ஜனவரி 26 முதல் அதே நிறுவனம் ‘ராகம்’ என்ற பெயரில் நாள் முழுதும் சாஸ்திரிய இசையே ஒலிக்கும் அலைவரிசை ஒன்றை நடத்துகிறது. அதைப் பினாங்கிலிருந்தே கைப்பேசியில் கேட்கலாம்.

எனவே சினிமாப் பாட்டைக் குறை சொல்லி உங்கள் நிகழ்ச்சியைத் தொடங்காதீர்கள். அந்தப் பாட்டுத்தான் உங்கள் முதல் வாசல்.

வாசல்கள்

பினாங்குத் தமிழர் எவர் வீட்டிலும் ஏற்கெனவே திறந்திருக்கும் வாசல்கள் மூன்று. திரைப்பாடல் ஒன்று. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் டி.எஸ். பாலையாவுக்காக பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘ஒருநாள் போதுமா’ பாட்டைத் தெரியாதவர் நம் ஊரில் குறைவு. அது ஒரு ராகமாலிகை. தோடி, தர்பார், மோகனம், கானடா ஆகிய பெயர்கள் பாட்டுக்குள்ளேயே வரும். பெயர் வரும் இடத்தில் அந்த ராகமே ஒலிக்கும். ஆண்டுக்கணக்கில் கேட்ட பாட்டுக்குள் இப்படி ஒரு பாடம் இருப்பதைக் காட்டிவிட்டு, உடனே ஒரு தோடிக் கீர்த்தனையை ஐந்து நிமிடம் கேட்கக் கொடுத்தால், கேட்பவர் தானாகவே ஒரு படி ஏறிவிடுவார். 1968-இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படமும் அப்படியே. அதில் ஒலிக்கும் நாகஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அதைச் சொல்லிவிட்டு அவர்களுடைய கச்சேரிப் பதிவு ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். திரைப்பாடலை ஒலிபரப்பும் உரிமம் வானொலி நிலையங்களுக்கு இருக்கிறது. ஆகவே இந்த இணைப்பு வானொலியில் எளிது. இணையத்தில் மூலப்பதிவைப் போடாதீர்கள். ஆசிரியையே ஒரு வரி பாடிக்காட்டினால் போதும்.

இரண்டாவது வாசல், கோயில். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பலமானது. மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் திருமுறை ஓதும் விழா நடத்துகிறது. வட்டாரம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும் அந்தப் போட்டிக்காகப் பிள்ளைகள் மாதக்கணக்கில் தேவாரம் பாடிப் பழகுகிறார்கள். அம்மா சமையலறையிலிருந்தே திருத்துகிறார். அப்பா காரில் ஒலிக்கவிடுகிறார். அந்தக் குடும்பங்கள் பண்களை மனப்பாடமாக வைத்திருக்கின்றன. அவை ராகங்களும்தாம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. சம்பந்தரின் முதல் பதிகம் நட்டபாடை. இன்று நாட்டை ராகத்தில் ஓதுகிறார்கள். பழம்பஞ்சுரம் சங்கராபரணம், கௌசிகம் பைரவி, தக்கேசி காம்போதி, இந்தளம் மாயாமாளவகௌளை. “உங்கள் பிள்ளை போட்டியில் பாடிய பண்ணை இதோ ஒரு வித்துவான் வீணையில் வாசிக்கிறார்” என்று தொடங்கும் ஆறு நிமிட நிகழ்ச்சியை அந்தக் குடும்பம் தவறவிடாது. தாத்தா பாட்டிக்கும் அனுப்பும். நான் இன்று புதிதாக ஒரு வலைவரிசை தொடங்கினால் முதல் பதின்மூன்று வாரமும் பண்ணும் ராகமும்தான் போடுவேன்.

நம் தமிழரோடு நின்றுவிடவும் வேண்டாம். மலேசியச் சீனரான சோங் சியூ சென் கர்நாடக இசை கற்றுத் தேர்ந்து மேடையேறிப் பாடுகிறார். அவருடைய காணொளிகள் தமிழ் உலகம் எங்கும் சுற்றியிருக்கின்றன. பாபிங்டன் சாலையில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் தூண்டுதலால் 1981-இல் மலேசியாவில் தொடங்கிய அமைப்பின் பினாங்குக் கிளை. இன வேறுபாடு பாராமல் எல்லாரையும் சேர்த்துக் கலை கற்பிப்பது அந்த அமைப்பின் மரபு. உங்கள் காணொளியின் தலைப்பையும் இரண்டு வரி விளக்கத்தையும் தமிழோடு மலாயிலோ ஆங்கிலத்திலோ கூடவே எழுதுங்கள். ராகத்தின் பெயர், பாட்டின் தொடக்கச் சொல், பாடுபவர் பெயர் ஆகிய மூன்றும் ரோமன் எழுத்திலும் இருக்க வேண்டும். தேடுபவர்கள் பலர் அந்த எழுத்தில்தான் தேடுகிறார்கள்.

அறிமுகம்: அரை நிமிட அளவில்

இணையத்தில் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு, வரவேற்புரையோடு தொடங்குவது. குத்துவிளக்கு, தலைவர் உரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பாட்டு வருவதற்குள் கேட்பவர் போய்விடுகிறார். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எந்த நொடியில் விலகினார்கள் என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. உங்கள் பழைய காணொளி ஒன்றில் அதைத் திறந்து பாருங்கள். பேச்சு நீளும் இடத்தில் கோடு சரிவதை நீங்களே காண்பீர்கள்.

அடுத்த தவறு, புத்தகத்திலிருந்து படித்துக் காட்டும் அறிமுகம். “இருபத்தெட்டாவது மேளகர்த்தாவான அரிகாம்போதியின் ஜன்யமாகிய மோகனம்” என்று தொடங்கினால் தெரிந்தவருக்கு அது தேவையில்லை. தெரியாதவருக்கு அது புரியாது. கேட்பவர் காதுக்கு ஒரு வேலை கொடுங்கள். எதைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன். தியாகராஜரின் ‘நனு பாலிம்ப’ கீர்த்தனைக்கு முன் அறிவிப்பாளர் பேசுவது இது:

“வணக்கம். சனிக்கிழமை இரவு எட்டு மணி. இன்று கேட்கப் போவது மோகனம். ஐந்தே ஐந்து சுரம்: ச ரி க ப த. நம் பக்கத்துத் தெருச் சீனக் கோயிலில் வாசிக்கிற பாட்டிலும் இந்த ஐந்து சுரம் அடிக்கடி வரும். அதனால் இது உங்களுக்குப் பழகின வாசனைதான். ராமன் தன்னைத் தேடி வீட்டுக்கு நடந்தே வந்தானோ என்று தியாகராஜர் நெகிழ்ந்து பாடிய பாட்டு. முதல் வரி திரும்பத் திரும்ப வரும். சலித்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன மாற்றம் இருக்கும். அதைச் சங்கதி என்பார்கள். குரல் மேல் சட்ஜத்தைத் தொடுகிற இடம் எது என்று மட்டும் பாருங்கள். கேட்போம்.”

இதை நிதானமாகப் பேசினால் அரை நிமிடத்துக்குச் சற்று மேலே ஆகும். பழகப் பழக இன்னும் குறைக்கலாம். இதில் நான்கு செய்தி இருக்கிறது: நேரம், ராகம், பொருள், காதுக்கு ஒரு வேலை. ஐந்தாவதைச் சேர்க்காதீர்கள். பாட்டு முடிந்ததும் பாடியவர், வயலின், மிருதங்கம் என ஒவ்வொருவர் பெயரையும் முழுதாகச் சொல்லுங்கள். பக்கவாத்தியக்காரர் பெயரை விடுவது நம்மிடம் உள்ள கெட்ட வழக்கம். ஒலிபரப்பிலாவது அதை ஒழிக்கலாம்.

அறிமுகம் செய்யும் குரல் மாறக் கூடாது. வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளும் குழுக்கள் உண்டு. ஒற்றுமைக்கு அது நல்லது, கேட்பவருக்கு நல்லதல்ல. பாட்டைத் தேடி வருகிறவர்களைவிட அந்தக் குரலைத் தேடி வருகிறவர்களே நெடுநாள் நிற்பார்கள். இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் பெயர்களைப் பெரியவர்கள் இன்றும் சொல்வது அதனால்தான்.

ஒலி: படத்தைவிட முக்கியம்

செலவழிக்கப் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் கேமராவில் போடாதீர்கள், மைக்கில் போடுங்கள். மங்கலான படத்தோடு தெளிவான ஒலி இருந்தால் கேட்பார்கள். தெளிவான படத்தோடு கரகரத்த ஒலி இருந்தால் மூடிவிடுவார்கள்.

கோயில் நாகஸ்வரத்தைப் பதிவு செய்வதை விளக்கமாகச் சொல்கிறேன். நம் ஊரில் எளிதாகக் கிடைக்கும் உயர்ந்த இசை அதுதான். குயின் வீதி மகாமாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அதுபோன்ற கோயில்களில் மண்டபச் சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். கைப்பேசியைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்றால் நாகஸ்வரத்தின் விரிந்த அடிப்பகுதியான அணசிலிருந்து வரும் காற்று நேராக மைக்கில் மோதும். மேல் சுரங்கள் கிழியும். தவில் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நாகஸ்வரத்தின் ஒலி அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, துளைகளிலிருந்தும் வருகிறது. எனவே மைக்கை வாத்தியத்தின் நடுப்பகுதி உயரத்தில், நேர் எதிரே வைக்காமல் ஒருபக்கம் சாய்த்து, நாலைந்து அடி தள்ளி வையுங்கள். தவிலுக்குத் தனி மைக் வேண்டியதில்லை. வாசிப்பவர்கள் உட்கார்ந்திருக்கும் முறையில், தவில் மைக்கிலிருந்து ஒரு முழம் கூடுதலாகத் தள்ளி இருந்தால் போதும். பதிவின் அளவை, அதிக ஓசையுடன் வாசிக்கும் இடத்திலும் முள் சிவப்பைத் தொடாதபடி குறைத்து வையுங்கள். குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கிழிந்ததைச் சரி செய்ய முடியாது. மணி அடிக்கும் நேரத்தில் பதிவை நிறுத்தாதீர்கள். கோயில் மணி அந்தப் பதிவின் உரிமையுள்ள பகுதி.

தம்புராவுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. கைப்பேசிகளிலும் ஜூம் போன்ற செயலிகளிலும் இரைச்சலை நீக்கும் வசதி தானாகவே இயங்கும். மாறாமல் ஒலிப்பதெல்லாம் அதற்கு மின்விசிறிச் சத்தம் போலத்தான். சுருதியை அது இரைச்சல் என்று எண்ணி அழித்துவிடும். பாடகர் அந்தரத்தில் நின்று பாடுவது போல ஆகிவிடும். ஜூமில் இசைக் கலைஞர்களுக்கான அசல் ஒலி அமைப்பை இயக்குங்கள். கைப்பேசியில் பேச்சுக்கான செயலியை விட்டு, அமைப்புகளைக் கையால் மாற்ற விடும் ஒலிப்பதிவுச் செயலியைப் பயன்படுத்துங்கள்.

பதிவு முடிந்ததும் நல்ல காதொலிப்பானில் கேட்டு மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மலிவான ஒரு கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேளுங்கள். கேட்பவர்கள் பலர் அப்படித்தான் கேட்பார்கள். மிருதங்கத்தின் தொப்பி அதில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். வலந்தலையின் சொற்கள் மட்டும் தட்டல்களாகக் கேட்கும். தொப்பியின் நடு ஒலியை ஒலித்திருத்தச் செயலியில் சிறிது உயர்த்தினால், அது மீண்டும் காதுக்கு வரும்.

நேரலை செய்வதானால் முன்கூட்டியே கணக்கைத் தயார் செய்யுங்கள். யூடியூபில் முதல் முறை நேரலையை இயக்க அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். கைப்பேசியிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். கச்சேரி மாலையில் கோயில் வாசலில் நின்றுகொண்டு இதைக் கண்டுபிடிக்கக் கூடாது. 720 அளவுப் படத்துக்கு நொடிக்கு 4 மெகாபிட் அளவில் ஏற்ற வேண்டும். உங்கள் இணைப்பின் ஏற்றும் வேகம் அதைப் போல் இரு மடங்கு இருந்தால்தான் நிம்மதியாக உட்கார்ந்து கேட்கலாம்.

நேரம்

மலேசிய நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. 1982 ஜனவரி 1-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளும்வரை வித்தியாசம் இரண்டு மணிதான். சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நாம் தொடங்கினால் சென்னையில் மாலை ஐந்தரை; லண்டனில் பகல் பன்னிரண்டு, கோடையில் ஒன்று; டொரண்டோவில் காலை ஏழு அல்லது எட்டு. உலகத் தமிழர் மூன்று கண்டங்களிலும் விழித்திருக்கும் நேரம் அது. ஒன்று கவனியுங்கள்: மார்கழியில் சென்னை ரசிகர்கள் சபாக்களில் இருப்பார்கள். அந்த மாதம் உங்கள் நிகழ்ச்சியை அவர்களை நம்பி வைக்காமல் உள்ளூர்க்காரர்களுக்காக நடத்துங்கள்.

வானொலிக்குக் கணக்கு வேறு. காலையில் பினாங்குப் பாலத்தில் ஊர்ந்து போகும் கார்களிலும், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகும் வேன்களிலும், பட்டர்வொர்த் ஃபெரியிலும் இருக்கிறார்கள் நம் கேட்பவர்கள். அங்கே ராகம் தானம் பல்லவி எடுபடாது. ஆறு ஏழு நிமிடப் பாட்டு எடுபடும். இங்கே சூரியன் காலை ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது. ஆறரைக்குப் பூபாளமோ பௌளியோ போட்டால் அப்போது வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். அந்த ராகங்கள் தங்களுக்குரிய பொழுதிலேயே ஒலிக்கும். எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்து, விடியற்காலை என்ற நேரத்தையே தனதாக்கிக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். பாட்டு நேரத்தோடு ஒட்டிக்கொண்டால் பிறகு அதைப் பிரிக்க முடியாது.

வானொலி நிலையத்துக்குப் போகும்போது

“சாஸ்திரிய இசைக்கு நேரம் ஒதுக்குங்கள்” என்று மனு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நிகழ்ச்சியைச் செய்து கையில் கொண்டு போங்கள். பதின்மூன்று பகுதி, ஒவ்வொன்றும் பதினான்கு நிமிடம், ஆண்டில் கால் பங்கு. முதல் இரண்டு பகுதிகள் முழுதாகப் பதிவாகி இருக்க வேண்டும். மற்ற பதினொன்றின் திட்டம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியோடும் பாட்டின் பெயர், இயற்றியவர், கலைஞர்கள், நீளம் அடங்கிய தாள் ஒன்றை இணையுங்கள். உரிமைக் கணக்குக்கு நிலையம் அதைக் கேட்கும். முன்பே கொடுத்தால் உங்களைத் தொழில் தெரிந்தவர்களாக எண்ணுவார்கள். தைப்பூசம், ஜனவரியை ஒட்டி வரும் தியாகராஜ ஆராதனை, நவராத்திரி ஆகிய காலங்களில் நிலையங்களே நல்ல நிகழ்ச்சியைத் தேடுகின்றன. இரண்டு மாதம் முன்னே போங்கள்.

இணையத்தில் நல்ல முன்மாதிரி பார்க்க விரும்பினால், பிரிட்டனில் 2006-இல் தொடங்கிய தர்பார் விழாவின் வலைவரிசையைப் பாருங்கள். முழுக் கச்சேரியோடு நிற்காமல், சிறு துண்டுகளாக, விளக்கத்தோடு வெளியிடுகிறார்கள். சென்னையின் மெட்ராசனா ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக, ஒலியில் மிகுந்த கவனத்தோடு பதிவிடுகிறது. இசை எழுத்தாளர் லலிதாராம் முன்னின்று நடத்தும் பரிவாதினி, மேடை கிடைக்காத நாகஸ்வர, தவில் கலைஞர்களுக்குத் தொடர்ந்து இடம் கொடுத்து வருகிறது. நம் பினாங்குக்கு மிகப் பொருத்தமான வழி பரிவாதினியின் வழி.

உரிமை

தியாகராஜர் 1847-இலும், தீட்சிதர் 1835-இலும், சியாமா சாஸ்திரி 1827-இலும் மறைந்தவர்கள். அவர்கள் பாடல்களை யாரும் பாடலாம், பதியலாம். ஆனாலும் உங்கள் சொந்தப் பதிவையே ஏதோ ஓர் இசைத்தட்டு நிறுவனத்துடையது என்று யூடியூபின் தானியங்கி முறை குறி வைக்கும். அஞ்ச வேண்டாம். பாட்டு பொதுவுடைமை, பதிவு என்னுடையது என்று மறுப்பு அனுப்புங்கள். உரிமை கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பாபநாசம் சிவன் விஷயத்தில் கவனம் தேவை. அவர் 1973-இல் மறைந்தார். மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப் பின் 50 ஆண்டு. இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு. இங்கே 2023 முடிவோடு காலம் கடந்துவிட்ட பாடல்கள் இந்தியாவில் 2033 வரை உரிமைக்குட்பட்டவை. உங்கள் காணொளி அங்கும் பார்க்கப்படும் என்பதை மறக்காதீர்கள். 1987-இல் மறைந்த பெரியசாமித் தூரனின் பாடல்களுக்கு இரு நாட்டிலும் அந்த ஆண்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை. திருமணங்களில் வாசிக்கப்படும் திரைப்பாடல்கள் பலவும் அப்படித்தான்.

எழுதப்பட்ட சட்டத்துக்கு முன் ஒரு மரியாதை உண்டு. வாசிக்கும் கலைஞரிடம் கேளுங்கள். நம் கோயில்களில் வாசிக்கும் நாகஸ்வரக் கலைஞர்கள் பலர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து, குடும்பத்தைப் பிரிந்து வேலை செய்பவர்கள். அவரிடம் எங்கே போடப்போகிறோம், எவ்வளவு நாள் இருக்கும் என்று சொல்லி, வாட்ஸ்அப்பிலாவது ஒப்புதல் பெறுங்கள். கையில் ஒரு தொகை கொடுங்கள். பதிவின் சுட்டியை அவருக்கு அனுப்புங்கள். அவர் மனைவி மக்கள் ஊரில் அதைப் பார்ப்பார்கள்.

எதை எண்ணுவது

பார்வை எண்ணிக்கையைப் பார்த்துப் பூரிக்கவும் வேண்டாம், சோரவும் வேண்டாம். ஒரு காணொளி திடீரென்று பரவுவது பெரும்பாலும் இசையால் நடப்பதில்லை. அந்தக் கூட்டம் அடுத்த வாரம் வராது. யூடியூப் ஸ்டூடியோவில் திரும்பத் திரும்ப வருபவர்களைக் காட்டும் கணக்கு உண்டு. மாதத்துக்கு ஒரு முறை அதை மட்டும் குறித்து வையுங்கள். அது மெல்ல உயர்ந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். உயரவில்லை என்றால் முதலில் நேரத்தைச் சந்தேகியுங்கள், பிறகு அறிமுகத்தை, பிறகு ஒலியை. கலைஞரைக் கடைசியில்தான் சந்தேகிக்க வேண்டும்.

முதல் பதின்மூன்று வாரம் எண்ணிக்கை சிறிதாகவே இருக்கும். அந்த வாரங்களில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். எட்டு மணி என்றால் எட்டு மணி; மழை பெய்தாலும், பாடகர் வராவிட்டாலும், பழைய பதிவு ஒன்றையாவது புதிய அறிமுகத்தோடு போடுங்கள்.

இதைப் படித்து முடித்ததும் பெரிய திட்டம் எதுவும் தீட்ட வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை மாலைப் பூஜைக்கு உங்கள் ஊர்க் கோயிலுக்குப் போங்கள். நாகஸ்வரக்காரர் பெயரையும் சொந்த ஊரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தவில்காரர் பெயரையும் விடாதீர்கள். அவர்கள் சம்மதித்தால் ஆறு நிமிடம் பதிவு செய்து, என்ன ராகம் என்று அவர்களிடமே கேட்டு, சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு வெளியிடுங்கள்.